நானூற்று இருபது கிராம்

ஆடிக்காத்து கூரைத் தகரத்தைத் தூக்கியடிக்கும்போது
யாருக்கோ பனிக்காலம் தைத்துக்கொண்டிருப்போம்.
தை பிறந்தால் அவர்களுடைய கோடைக்குக்
கையில்லாத பனியன்.
எப்போதும் ஆறு மாசம் முந்தியே ஓடுகிறது
பதினஞ்சு வேலம்பாளையத்தில் என் ஓவர்லாக் மிஷின்.

அந்த வருசம் கத்திரிப்பூ நிறம்
ஒரு சொட்டு தூக்கலாகிவிட்டது.
ஷேடு கார்டை ஒட்டிவைத்துப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள் பையர் ஆபீஸ் மேடம்.
மூவாயிரத்து நூறு ஜாக்கெட். மூட்டை கட்டியாச்சு.
முதலாளி அன்றைக்கு டீ கூடக் குடிக்கவில்லை.

ஐப்பசியில், காதர்பேட்டைச் சந்தொன்றில்,
கிலோ நூத்தியெண்பதுக்குக் குவிந்து கிடந்தது அதே நிறம்.
முழங்கை வரை விட்டுத் துழாவி
ஒன்றை உருவினேன்.
தராசில் நானூத்தி இருபது கிராம்.
எழுபத்தஞ்சு ரூபாய் அறுபது காசு.
"காசை உட்டுப்போடுங்க்கா" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பினேன்.
தோள்மூட்டில் தையல் இம்மி வளைந்திருந்தது.
என் மிஷினுக்கு மட்டும் உள்ள கிறுக்கு அது.

ஜிப்பு பல்லை இளித்தது. பிடுங்கிவிட்டு
ஐந்து பித்தான் வைத்தேன்,
மேலிருந்து நாலாவது மட்டும் பச்சை,
வேண்டுமென்றேதான்.
இடுப்பில் இரண்டு விரற்கடை பிடித்தேன்.
கழுத்து லேபிளை வெட்டினேன்.
துவைக்கும் குறிப்பை விட்டுவைத்தேன்:
தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி,
எல்லாவற்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி.
இதை எதுவுமே செய்துவிடாதே என்கிற மாதிரி.

நான் செய்வது:
முதல் தண்ணியில் ஒரு கை கல்லுப்பு.
முறுக்கிப் பிழிவதில்லை, துண்டில் சுருட்டி மிதிப்பேன்.
கொடியில் போடாமல், உள்ளது வெளியே வரத் திருப்பி,
கயித்துக் கட்டில் மேல், நிழலில்.
தொங்கவிட்டால் தோள் இறங்கி
அடுத்த மார்கழிக்குள்
யாரோ தடியான ஆளுடையதாகிவிடும்.
இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கும் கோகிலவாணிக்கும்
பேச்சு நின்ற நாட்கள் உண்டு.

கோகிலவாணி நைட் ஷிப்ட். நான் பகல்.
ஒரே ரூம், ஒரே ஜாக்கெட்.
பனி மாசத்தில் அதற்கு லீவே கிடையாது.
ஆறேகாலுக்கு வாசலில் அவள் கழற்ற, நான் மாட்ட,
கைக்குள் அவள் சூடு அப்படியே இருக்கும்.
பாக்கெட்டில் தேங்காய் பன் துணுக்கும்.
எறும்பு வருமடி என்றால்
உனக்குத்தான் வைத்தேன் என்பாள்.

அப்படி ஒரு காலை
கம்பெனி கேட்டருகே, மெல்லிசுச் சட்டையில்
நடுங்கிக்கொண்டு நின்றிருந்தாள் மேடம்.
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"கலர் சூப்பரா இருக்கே, எங்க வாங்குனீங்க?"
செக்யூரிட்டி அண்ணன் இருமினார்.
"நான் தைச்சதுங்" என்றேன்.
பொய்யொன்றுமில்லை.
துணியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள்.
உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை.
பித்தானை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

மாசிக் கடைசியில் வெயில் சுள்ளென்றது.
ஒரு முழு நாள் காயவைத்து
பழைய தலையணை உறைக்குள்
வசம்புத் துண்டு இரண்டோடு மடித்துவைத்தேன்.
பாச்சை உருண்டை கோகிலவாணிக்கு ஆகாது,
நாள் முழுக்கத் தும்முவாள்.

மறுபடி ஆடி. மறுபடி தகரம்.
புது ஆர்டரின் சாம்பிளைக் கம்பியில் மாட்டியிருந்தார்கள்:
ஐந்து பித்தான்,
நாலாவது மட்டும் வேறு நிறம்.
பட்டன் மிஷினில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை
ஏதோ தப்பென்று நினைத்து
இருபது உருப்படியில் அதைப் பிரித்துப்போட்டிருந்தது.
நான்தான் எழுந்து போய்ச் சொன்னேன்:
"இல்ல கண்ணு,
அது அப்புடித்தான்."